வால்வுக்கு முன்னால் குழாயைப் பாருங்கள்: பெரியவர்களிடம் தெரியவரும் அல்காபா

‘மைட்ரல் வால்வில் மிதமான கசிவு. ருமாட்டிக் இதய நோய்.’ தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முப்பது வயதுப் பெண் ஒருத்தியின் எக்கோ தாளில் இந்த இரண்டு வரி இருந்தால் யாருக்கும் வியப்பு வராது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போவது நம் ஊர்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை. 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, நீர் பிரியும் மாத்திரை, அவ்வப்போது ஒரு எக்கோ என்று சிகிச்சை ஓடும். பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டு வரி சரிதான். மிகச் சிலருக்கு மட்டும் அது தவறு. அவர்களுக்கு, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் இந்த மைட்ரல் வால்வின் இதழ்களில் ஒரு குறையும் இருக்காது. வால்வை இழுத்துப் பிடிக்கும் தசைக்கு ரத்தம் போதாமல் அது வாடிப்போயிருக்கும். அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோக வேண்டிய இடது கரோனரித் தமனி பிறவியிலேயே வேறொரு குழாயில் முளைத்திருக்கும்.

அந்தக் கோளாறின் பெயர்தான் அல்காபா. இதயத்தின் தசைக்கு ரத்தம் தருபவை இரண்டு கரோனரித் தமனிகள். பெருந்தமனி இதயத்தை விட்டு எழும் இடத்தில், அதன் வால்வுக்குச் சற்று மேலே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக அவை கிளம்ப வேண்டும். அல்காபாவில் வலது தமனி தன் இடத்திலேயே இருக்கிறது. இடது தமனி மட்டும், பெருந்தமனியை ஒட்டியே நிற்கும் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்புகிறது. இந்த விவரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் அல்காபா. நுரையீரல் தமனியிலிருந்து கரோனரித் தமனி கிளம்புவதை டப்ளினைச் சேர்ந்த ப்ரூக்ஸ் 1885-இலேயே எழுதிவைத்தார். 1933-இல் பாஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு கைக்குழந்தையின் இசிஜியையும் நோய்க்குறிகளையும் இதயத்தின் நிலையோடு பொருத்திக் காட்டினார்கள். அதனால் மூவர் பெயரிலும் இந்த நோய் வழங்குகிறது.

ஏறக்குறைய 3 லட்சம் பிறப்புக்கு ஒன்று என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துச் சுமார் 34 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் பத்துப் பதினோரு பேர்தான் வரும், அதிலும் பெரியவர்களாக வளர்ந்திருப்பவர்கள் ஓரிருவராகத்தான் இருக்க முடியும். இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி இத்தனை விரிவாகப் பேசக் காரணம் உண்டு. தெரியாமல் போனால் திடீர் மரணம்வரை கொண்டுபோகும் இந்த நோயைத் தெரிந்துகொண்டால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கண்டுபிடிக்க வேண்டிய தடயமோ, ஏற்கெனவே எடுத்துக் கையில் வைத்திருக்கும் எக்கோவிலேயே பல நேரம் இருக்கிறது.

தாழ்ந்த ஏரியில் வைத்த மதகு

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. கருவில் நுரையீரல் விரிந்திருக்காது, ஆகவே நுரையீரல் தமனியின் அழுத்தமும் பெருந்தமனியின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்று. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்தக் குழாயில் முளைத்தாலும் இதயத் தசைக்குப் பசியாறிவிடும்.

பிறந்து மூச்செடுத்த பிறகு கதை மாறுகிறது. நுரையீரல் விரிய விரிய, சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. வளர்ந்த ஒருவருக்குப் பெருந்தமனியில் 120/80 என்றால் நுரையீரல் தமனியில் 25/10 அளவில்தான் இருக்கும். இவ்வளவு குறைந்த அழுத்தம், இறுகித் துடிக்கும் இடது கீழறைத் தசைக்குள் ரத்தத்தைத் தள்ளாது. இரண்டாவது மூன்றாவது மாதத்தில் குழந்தை பால் குடிக்கும்போதே நிறுத்திவிட்டு வீறிட்டு அழும், நெற்றி வியர்க்கும், முகம் வெளிறும், எடை ஏறாது. ‘உரம் விழுந்திருக்கிறது’, ‘மாந்தம்’ என்று வீட்டில் சொல்லும் இந்த அழுகை சில நேரம் நெஞ்சுவலியின் அழுகை. அறுவை சிகிச்சை இல்லாமல் விட்டால் இப்படிப் பிறந்த குழந்தைகளில் 90 சதவீதம் வரை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை.

தாண்டுகிறவர்களைக் காப்பாற்றுவது வலது தமனி. அதன் கிளைகளும் இடது தமனியின் கிளைகளும் இதயச் சுவருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடங்களில் சிறு இணைப்புக் குழாய்கள் உண்டு. தேவை அழுத்த அழுத்த அவை பருத்துப் பாலமாகின்றன. வலது தமனி இரண்டு பங்கு வேலையைத் தலையில் தூக்கிக்கொள்கிறது. தன் பங்கைத் தசைக்குக் கொடுத்ததுபோக, பாலங்கள் வழியாக இடது பக்கத்துக்கும் அனுப்புகிறது.

ஆனால் அனுப்பிய ரத்தம் அத்தனையும் தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. மேட்டு ஏரியிலும் பள்ளத்து ஏரியிலும் மதகு வைத்த இரண்டு வாய்க்கால்களை வயலுக்கு நடுவில் இணைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேட்டு ஏரித் தண்ணீர் வயலுக்குள் இறங்கும், பயிரை நனைக்கும்முன் பள்ளத்து வாய்க்கால் வழியே எதிர்த்திசையில் ஓடித் தாழ்ந்த ஏரியில் விழுந்துவிடும். வலது தமனியிலிருந்து வந்த ரத்தமும் இப்படித்தான் இடது தமனியில் தலைகீழாக ஓடி நுரையீரல் தமனிக்குள் கொட்டுகிறது. மருத்துவத்தில் இதற்கு ரத்தத் திருட்டு என்று பெயர். இந்தத் தமனியில் ஓட்டம் எதிர்த்திசையில்தான் இருக்கிறது என்பதை 1960-இல் சாபிஸ்டன், நீல், டாசிக் மூவரும் காட்டினார்கள். இதன் பிறகான சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை அதுவே.

திருட்டில் முதலில் காய்ந்துபோவது இடது கீழறையின் உட்புறத் தசை. மைட்ரல் வால்வின் இதழ்களை நூல்போல் இழுத்துப் பிடிக்கும் பாப்பில்லரி தசைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை சுருங்கித் தழும்பாகும்போது வால்வு முழுதாக மூடாது, ரத்தம் பின்னால் கசியும். கசிவு கூடக் கூடக் கீழறை பெருக்கும், அது பெருக்கப் பெருக்க வால்வின் வளையம் அகன்று கசிவு இன்னும் கூடும். கசிவை வால்வு நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது ஏன் பலிக்காது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

என்ன சொல்லிக்கொண்டு வருவார்கள்

‘மேடேறினா மூச்சு வாங்குது’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘குடத்தத் தூக்கினா நெஞ்சுல பாரம்’. பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பேச்சைக் கேட்டால் முதலில் ரத்த சோகைதான் நினைவுக்கு வரும். அப்படி வருவதில் தவறில்லை, ஹீமோகுளோபின் பார்க்கத்தான் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையில் ஹீமோகுளோபின் 11, 12 என்று ஏறிய பிறகும் மூச்சு வாங்குவது குறையாவிட்டால் காரணம் வேறு. கிரானைட் குவாரியில் வேலை செய்த ஆணுக்கு இதே மூச்சிரைப்பு நுரையீரல் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கர்ப்பகாலமும் ஒரு முக்கியமான கட்டம். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு உடலில் ரத்த அளவு நாற்பது ஐம்பது சதவீதம் கூடுகிறது, அதுவரை தாக்குப்பிடித்த இதயம் அப்போது முதல்முறையாகத் திணறும். சிலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல், வேறு எதற்கோ நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது இடைவிடாத இரைச்சல் கேட்கும். இன்னும் சிலருக்கு முதல் அறிகுறியே ஓடும்போது மயங்கி விழுவது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுப் படியேறும் அந்தத் திட்டத்தின் பெண் ஊழியர்கள், வீட்டில் இருக்கும் இளவயதுக்காரரிடமும் ‘மேடேறினால் மூச்சு வாங்குகிறதா, வேலை செய்யும்போது நெஞ்சு கனக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் நல்லது. ருமாட்டிக் நோய், பிறவி ஓட்டை, அல்காபா எதுவானாலும் கேள்வி அதே கேள்விதான்.

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி இதில் உதவாது. சுத்த ரத்தம்தான் அசுத்த ரத்தத்தில் கலக்கிறதே தவிர, எதிர்மாறாக அல்ல. ஆகவே அளவு 98, 99 என்றே காட்டும். இசிஜியில் இதயத்தின் இடது பக்கத்தைக் காட்டும் முதல் லீட், ஏவிஎல் என்ற பதிவுகளில் ஆழமான க்யூ அலை இருந்தால், அதுவும் முப்பது வயதில் சர்க்கரையோ புகைப் பழக்கமோ இல்லாதவருக்கு இருந்தால், உடனே உஷாராக வேண்டும். பெரியவர்களில் பலருக்கு அந்த அலை இருக்காது. இடது கீழறை தடித்ததற்கான அடையாளமோ, பொதுவான எஸ்டி–டி மாற்றமோ மட்டும் தெரியும். இசிஜி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து இந்த நோயை ஒதுக்க முடியாது.

எக்கோ திரையில்

நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ப்ரோபை வைத்து, பெருந்தமனியைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் கோணத்துக்கு வாருங்கள். திரையின் நடுவில் பெருந்தமனி ஒரு நாணயம்போல் வட்டமாகத் தெரியும். அதைக் கடிகார முகமாக எண்ணினால் 11 மணிப் பக்கம் வலது தமனி, 3, 4 மணிப் பக்கம் இடது தமனி. வலது தமனி வழக்கமாக 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். அல்காபாவோடு வளர்ந்தவருக்கு அது 7, 8 மில்லிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலே பருத்து, வளைந்து வளைந்து போகும். இளவயதில் காரணமில்லாமல் வலது கரோனரி இவ்வளவு பெருத்திருந்தால் அதையே முதல் தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து இடது தமனி. இங்கே ஒரு பொறி உண்டு. பெருந்தமனிக்குப் பின்னால் இதய உறையின் மடிப்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது. இடது தமனி அந்த மடிப்பை ஒட்டிப் போவதால், அது பெருந்தமனியில் சேர்ந்திருப்பதுபோலவே திரையில் கோடு தெரியும். கோட்டைப் பார்த்து ‘இடது தமனி சரி’ என்று எழுதிவிட்டால் நோய் அங்கேயே தப்பிவிடும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டு, வேக அளவை நொடிக்கு 20 முதல் 40 சென்டிமீட்டருக்கு இறக்கி, ரத்தம் பெருந்தமனியிலிருந்து அந்தக் குழாய்க்குள் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அல்காபாவில் நிறம் மாறி எதிர்த்திசையில் ஓடும், நுரையீரல் தமனியின் சுவரிலிருந்து அதன் உள்ளே ஒரு சிறு தாரை விழும். வேக அளவை இறக்காமல் 60, 70-இல் வைத்துப் பார்த்தால் இந்த மெல்லிய ஓட்டம் திரையில் பதியாமலே போகலாம்.

மூன்றாவது, கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர். பாலக் குழாய்கள் அதனுள்ளே ஓடுவதால் கலரில் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிரும். இதைப் பல ஓட்டைகள் என்று எழுதிவிடுவது உண்டு. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ஓட்டை வழியாக ரத்தம் பாய்வது பெரும்பாலும் இதயம் சுருங்கும்போது, பாலக் குழாய்களில் ஓட்டம் மேலோங்குவது இதயம் விரியும்போது. பாப்பில்லரி தசைகள் வழக்கத்தைவிட வெள்ளையாக மின்னினால் அது தழும்பு. மைட்ரல் இதழ்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். ருமாட்டிக் நோயில் அவை தடித்து, ஓரங்கள் ஒட்டி, திறக்கும்போது முட்டி மடித்ததுபோல் வளையும். அல்காபாவில் இதழ்கள் மெல்லிசாக, நன்றாகவே இருக்கும். இதழ் நன்றாக இருந்து வால்வு மட்டும் கசிகிறது என்றால் ப்ரோப் கரோனரிப் பக்கம் திரும்ப வேண்டும்.

வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் நாளில் ஒருவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது எளிதல்ல. அதனால் எல்லோருக்கும் வேண்டாம். நாற்பது வயதுக்குக் கீழே, இதழில் குறையில்லாத கசிவு, அல்லது காரணம் தெரியாமல் பெருத்துச் சோர்ந்த இடது கீழறை. இந்த இரண்டில் ஒன்று இருப்பவர்களுக்கு மட்டுமாவது இடது தமனியின் தொடக்கத்தைத் தேடிவிட்டு, அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும்.

சந்தேகம் வந்துவிட்டால் உறுதிசெய்வது சிடி ஆஞ்சியோ. இதயத் துடிப்போடு இணைத்து எடுக்கும் 64 ஸ்லைஸ் அல்லது அதற்கு மேற்பட்ட கருவி வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 65-க்குக் கீழ் இருந்தால்தான் படம் கலங்காது. அதற்காக மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுப்பார்கள், அன்று காலை காபி, டீ வேண்டாம் என்பார்கள். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி போட்டு 60 முதல் 80 மில்லி சாய மருந்து ஏற்றி, எட்டுப் பத்து நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் பரிசோதனையை முன்பே பார்த்திருக்க வேண்டும், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். படத்தில் இடது தமனி நுரையீரல் தமனியின் எந்தச் சுவரிலிருந்து, பெருந்தமனிக்கு எவ்வளவு தள்ளிக் கிளம்புகிறது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அறுவை சிகிச்சை நிபுணர் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பார் என்பதே பெரிதும் இந்தத் தூரத்தைப் பொறுத்தது.

நெஞ்சுவலி என்று நேராக ஆஞ்சியோவுக்குப் போய், அங்கே தெரியவருவதும் நடக்கிறது. இடது தமனியின் வாயை எங்கே தேடினாலும் சாயம் செலுத்தும் மெல்லிய குழாயான கேதட்டர் மாட்டாது. வாயோடு அடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வலது தமனியில் சாயத்தைச் செலுத்தி, படமெடுப்பைச் சீக்கிரம் நிறுத்தாமல் சற்றுக் கூடுதலாக ஓடவிட வேண்டும். பருத்த வலது தமனி நிறையும், பாலங்கள் வழியே இடது தமனி கீழிருந்து மேலாக நிறையும், கடைசியில் நுரையீரல் தமனியின் தண்டில் சாயம் புகைபோல் பரவும். அந்தக் கடைசி இரண்டு மூன்று நொடிதான் நோயின் பெயரைச் சொல்கிறது. தசை எவ்வளவு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு தழும்பு என்பதற்கு எம்ஆர்ஐ உதவும்.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா

குடும்பத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அடைப்பு இருந்தால்தானே ஸ்டென்ட்? இங்கே அடைப்பே இல்லை, குழாய் முளைத்த இடம் தவறு. மாத்திரைகள் மூச்சுத் திணறலைத் தணிக்கும், துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும், அவ்வளவுதான். பிறவி இதய நோயோடு வளர்ந்தவர்களுக்கான 2018 அமெரிக்க வழிகாட்டலும் 2020 ஐரோப்பிய வழிகாட்டலும் அல்காபாவுக்கு அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கின்றன. இப்போது தொல்லை இல்லையே என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது. திடீரென்று துடிப்பு தாறுமாறாகி உயிர் போவது, அதுவரை ஒன்றும் இல்லாதவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அறுபது எழுபது வயதில் தற்செயலாகத் தெரியவருபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வயது, சிறுநீரகம், தசையின் நிலை எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

தொடக்க காலத்தில் தாழ்ந்த மதகை மூடிவிடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். இடது தமனியை அதன் வாயில் கட்டிவிட்டால் திருட்டு நிற்கும். ஆனால் முழு இதயமும் வலது தமனி என்ற ஒற்றைக் குழாயை நம்பி நிற்கும். இரண்டு குழாய் ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே இன்றைய கொள்கை.

அதற்கு மிகச் சிறந்த வழி, தமனியைப் பெயர்த்துப் பெருந்தமனியில் நடுவது. நுரையீரல் தமனியைத் திறந்து, இடது தமனியின் வாயை அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் சுவரோடு பொத்தான்போல் வெட்டியெடுத்து, பெருந்தமனியின் இடது பக்கத்தில் துளையிட்டுத் தைக்கிறார்கள். வெட்டிய பள்ளத்தை நோயாளியின் இதய உறைத் துண்டால் ஒட்டுப்போடுகிறார்கள். குழந்தைகளுக்கு இது நன்றாக வரும். பெரியவர்களுக்கு வருவது கடினம். குழாய் நெகிழ்வு குறைந்து, சுவர் மெலிந்து நைந்திருக்கும், சுற்றிலும் பாலக் குழாய்கள் படர்ந்திருக்கும், வளர்ந்த உடலில் தூரமும் கூட. இழுத்து நட்டால் தையல் முறுக்கேறிக் குழாய் மடங்கும், அல்லது கிழிந்து ரத்தம் கொட்டும். எட்டாத இடத்துக்கு, நுரையீரல் தமனிச் சுவரையே சுருட்டிக் குழாயாக நீட்டுவதுண்டு, நடுவே ஒரு துண்டுக் குழாய் வைத்துத் தைப்பதும் உண்டு.

1979-இல் ஜப்பானின் டாகேயுச்சி காட்டிய முறையில் இடது தமனியைப் பெயர்ப்பதே இல்லை. நுரையீரல் தமனிக்குள் அதன் சுவரையே கொண்டு சுரங்கம் அமைத்துப் பெருந்தமனியின் ரத்தத்தை அதன் வாய்க்குக் கொண்டுவருகிறார்கள். பிற்காலத்தில் சுரங்கம் கசிவது, நுரையீரல் தமனியை நெருக்குவது என்ற தொல்லைகள் வருவதால் இப்போது இதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

பெரியவர்களுக்குப் பல இடங்களில் செய்வது பைபாஸ். நெஞ்சுச் சுவரின் உட்புறத் தமனியை இடது தமனியின் முன்கிளையில் தைத்துவிட்டு, நுரையீரல் தமனிக்குள்ளிருந்து பழைய வாயை அடைத்துவிடுவது. அடைப்பதை விட்டுவிட்டால் பைபாஸ் கொண்டுவரும் ரத்தமும் அதே தாழ்ந்த மதகில் கொட்டிவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வலது பக்கத்துப் பாலங்கள் பலமாக இருந்தால் பைபாஸ் குழாயில் ஓட்டம் குறைந்து, நாளடைவில் அது நூல்போல் சுருங்கிப்போகலாம். காலிலிருந்து எடுக்கும் சிரை ரத்தக்குழாய் பொதுவாகப் பைபாஸில் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடைத்துவிடுகிறது. முப்பது வயதுக்காரருக்கு அதை வைப்பது, நாற்பதில் இன்னொரு பிரச்சினையைக் குறித்துவைப்பதுபோல. குழாய் எட்டும் என்றால் நேராக நடுவதுதான் நல்லது.

இந்த அறுவை சிகிச்சையில் வழுக்கும் இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் ஹார்ட்–லங் மெஷினை ஓடவிட்டதும் இதயத்தின் வலது பக்கம் காலியாகி, நுரையீரல் தமனியின் அழுத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கும். அழுத்தம் இறங்கினால் திருட்டு உச்சத்துக்குப் போகும், கீழறை துடிதுடித்து விரியும். அதனால் மெஷின் ஓடத் தொடங்கும்போதே நுரையீரல் தமனியின் இரு கிளைகளையும் நாடாவால் இறுக்குவார்கள், அல்லது இடது தமனியின் வாயைப் பிடித்துக்கொள்வார்கள். இதயத்தை உறங்கவைக்கும் கார்டியோப்ளீஜியா மருந்துக்கும் இதே எச்சரிக்கை. பெருந்தமனியில் மட்டும் செலுத்தினால் அது பாலங்களைத் தாண்டி நுரையீரல் தமனிக்குள் ஒழுகிவிடும், இடது கீழறை உறங்காது. நுரையீரல் தமனிப் பக்கமிருந்தும் கொடுக்க வேண்டும். மயக்க மருந்து தருபவருக்கும் இங்கே தனிக் கவனம் உண்டு. தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜனும் வேகமான செயற்கைச் சுவாசமும் நுரையீரல் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இன்னும் இறக்கும்.

மைட்ரல் வால்வை அதே நேரத்தில் தொடுவதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளுக்கு ரத்த ஓட்டம் சரியானதும் கசிவு பெரும்பாலும் தானே குறையும். பெரியவர்களுக்குப் பாப்பில்லரி தசை தழும்பாகியிருந்தால் அந்த நம்பிக்கை குறைவு. மிதமானதற்கு மேற்பட்ட கசிவு என்றால் வளையம் வைத்து வால்வைப் பழுதுபார்ப்பது வழக்கம். முடிந்தவரை பழுதுபார்ப்புதான் வேண்டும். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் அளவு 2.5 முதல் 3.5-க்குள் நிற்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வார்ஃபரின் கருவையும் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு இது பெரிய சுமை. அறுவை சிகிச்சைக்கு முன்பே இதை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எக்கோவும் முதல் மதிப்பீடும் அங்கேயே தொடங்கலாம். அல்காபாவுக்கான அறுவை சிகிச்சையோ, பிறவி இதய நோயில் பழகிய குழு உள்ள பெரிய மையத்தில்தான் நடக்க வேண்டும். தர்மபுரிப் பக்கத்தவர்கள் தொப்பூர் இறங்கிச் சேலத்துக்கோ அங்கிருந்து சென்னைக்கோ போவதும், ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருக்குப் போவதும் வழக்கம். மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அந்த மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்தேறிப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை அது. பெரியவர்களுக்குப் பைபாஸ் செய்யும் எல்லா இடத்திலும் இது செய்துவிட முடியாது. ‘இதற்கு முன் பெரியவர்களுக்கு அல்காபா செய்திருக்கிறீர்களா, நேராக நட முடியாவிட்டால் மாற்று வழி என்ன’ என்று மரியாதையோடு கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எக்கோ அறிக்கைத் தாள் மட்டும் போதாது. எக்கோ, சிடி, ஆஞ்சியோ எல்லாவற்றின் அசையும் படங்களும் உள்ள குறுவட்டோ பென்டிரைவோ வேண்டும், பழைய இசிஜிகளும் வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் ‘மேல் சிகிச்சைக்கு’ என்று பொதுவாக எழுதாமல், ‘இடது கரோனரித் தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கவும்’ என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி பரிசோதனைகளின் வரிசையையே மாற்றிவிடும்.

பெயரில் ஒன்றுபோல் இருக்கும் இன்னொரு கோளாறையும் பிரித்துக்கொள்ள வேண்டும். இடது தமனி பெருந்தமனியிலிருந்தே, ஆனால் வலது பக்கத்திலிருந்து கிளம்பி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே நுழைந்து போவது அது. அதில் திருட்டு இல்லை. குழாயின் வாய் கீறல்போல் ஒடுங்கி, ஒரு பகுதி பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடும், கடுமையாக ஓடும்போது நெரிபடும். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் இளைஞன் ஓட்டத்தின் நடுவே மயங்கினால் வெயில், பட்டினி என்று விட்டுவிடாமல் இதைத் தேட வேண்டும். சிகிச்சையும் வேறு: சுவருக்குள் மறைந்த பகுதியை உள்ளிருந்து திறந்துவிடுவது.

அல்காபா அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நெஞ்செலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும், முழு பலம் வர மூன்று மாதம். அதுவரை தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, தக்காளிப் பெட்டி எதையும் தூக்கக் கூடாது, டூவீலர் ஓட்டக் கூடாது. படுக்கையிலிருந்து கையூன்றி எழாமல் பக்கவாட்டில் திரும்பி எழ வேண்டும். ஆஸ்பிரின் 75 முதல் 150 மில்லிகிராம் வழக்கமாகத் தொடரும், இதயத் தசைக்கான மாத்திரைகளைச் சோர்வு தீர்ந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அவற்றில் சில கருவுக்கு ஆகாதவை. ஆகவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்முன் இதய மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கீழறையின் இறைப்புத் திறன் மாதக் கணக்கில் மெல்லத்தான் ஏறும். மூன்று மாத மாத்திரைக்குப் பிறகும் 35 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பற்றிப் பேசுவார்கள். முதல் மாதம், ஆறாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று எக்கோ பார்ப்பது வழக்கம். புதிதாக நட்ட வாய் ஒடுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை சிடியும் பார்ப்பார்கள். பருத்திருந்த வலது தமனி சிலருக்குச் சுருங்கும், வெகுகாலம் அப்படியே இருந்தவர்களுக்கு முழுதாகச் சுருங்காது.

சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் ‘அதனால்தான் வந்ததா’ என்ற குற்றவுணர்வு எழும். அல்காபா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, தாய் கர்ப்பத்தில் செய்த எதனாலும் வருவதில்லை. நோயாளிப் பெண் கருவுற்றால் மட்டும், மற்றப் பிறவி இதயக் கோளாறு உள்ள தாய்மார்களுக்குப் போலவே, ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் குழந்தைக்கு ஒரு கரு எக்கோ எடுப்பார்கள். கருவில் இரண்டு குழாய்களின் அழுத்தமும் ஒன்றாக இருப்பதால் அந்த எக்கோவில் அல்காபா தப்பிவிடக்கூடும். குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் பால் குடிக்கும்போது வியர்த்து அழுதால், முன்பு எடுத்த படம் நன்றாக இருந்தது என்று இருந்துவிடாமல் திரும்பவும் எக்கோ எடுக்க வேண்டும்.